ஊசி தெரியாத தையல்
பூத்தையலில் குனிந்திருக்கும் தன் தாயைப் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா 1882-83இல் கறுப்புக் கோன்ட்டே கிரேயானால் வரைந்தார். அதில் ஊசியைத் தேடினால் தெளிவாக அகப்படாது. ஊசியென்பதே ஒரு கோடு. சூராவோ கோட்டைக் கைவிட்டு, சொரசொரப்பான தாளில் கிரேயானைத் தேய்த்து, இருட்டை ஏற்றி இறக்கியே உருவத்தை வரவழைத்தவர். கருவியே தெரியாதபோது இது எப்படித் தையல் படம் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் வெளிச்சம் எங்கே தங்குகிறது என்று பாருங்கள்: முகத்திலும் கைகளிலும். தலை கவிழ்ந்திருக்கும் விதமே வேலையின் நுணுக்கத்தைச் சொல்லிவிடுகிறது. கத்தரியையும் விரலுறையையும் பளபளக்கத் தீட்டிய அக்கால ஓவியங்கள் பலவற்றில் தைக்கும் பெண் வெறுமனே போஸ் கொடுக்கிறாள் (அந்த மெருகுக்கும் ரசிகர்கள் உண்டு); சூராவின் தாய்க்கு நம்மை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை.