களை பறித்த நிலம் வெறுமனே கிடக்கலாகாது

மழைக்காலம் தொடங்கியதும் நாட்டின் பல மாநிலங்களில் பள்ளி மைதானங்களிலும் அலுவலக வளாகங்களிலும் களை ஒழிப்புப் பணி நடைபெறுகின்றது. ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் ஆகஸ்டு மாதத்தில் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரமும் நடத்தப்பெறுகின்றது. மண்வெட்டியும் கையுமாகப் பலர் உழைக்கின்றனர். மைதானம் சில நாள் துப்புரவாகத் தோன்றுகின்றது. மறு ஆண்டோ அதே இடத்தில் அதே களை முன்னினும் செழித்து நிற்கின்றது. இதற்குக் காரணம் உழைப்பின் குறைவன்று. பணியைப் பாதியில் நிறுத்திவிடுவதே காரணம் என்பது எமது கருத்து.

களை பற்றிய சுற்றறிக்கைகளையும் கையேடுகளையும் தமிழாக்கி வரும் எமக்கு ஒன்று புலனாகின்றது. அவற்றில் ‘ஒழிப்பு’ என்னும் சொல்லே மேலோங்கி நிற்கின்றது. ஒழித்த இடத்தில் எது வளர வேண்டும் என்பது ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகின்றது. சொல் செல்லும் வழியே செயலும் செல்வது இயல்பன்றோ?

வெற்று மண் நெடுநாள் வெறுமனே கிடப்பதில்லை. பார்த்தீனியத்தையே எடுத்துக்கொள்வோம். 1955ஆம் ஆண்டில் புனேயில் கண்டறியப்பட்ட இச்செடி பின்னர் நாடெங்கும் பரவிற்று. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்க வல்லது. அவற்றுட் பல ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். மேலுள்ள செடியைப் பறித்தவுடன் ஒளியும் ஈரமும் இடமும் கீழுள்ள விதைகளுக்குக் கிடைக்கின்றன. 1984இல் பெங்களூரில் விடப்பட்ட மெக்சிக்கோ வண்டு மழைக்காலத்தில் இதன் இலைகளைத் தின்று பேருதவி புரிகின்றது. ஆயினும் வண்டு தின்ற இடத்தையும் வேறொரு தாவரம் கைப்பற்றினாலன்றி வெற்றி நிலையாது.

கோரையின் நிலை வேறு. அதன் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலிபோற் பிணைந்துள்ளன. மேலாகக் கொத்துங்கால் சங்கிலி அறுபட்டு, உறங்கிக் கிடந்த கிழங்குகள் தனித்தனியே முளைக்கின்றன. அரைகுறையாகக் கொத்துவது கோரையை நட்டு வளர்ப்பதற்கு ஒப்பாகும். ஆனால் கோரைக்கும் ஒரு குறையுண்டு. அது நிழலைப் பொறாது. அடர்ந்த புல்லின் நிழலில் அதன் வலிமை குன்றும்.

ஆகவே மைதானத்தின் மெய்யான காவலன் புல்லே. ஓடும் கால்களின் மிதியைத் தாங்கும் புற்களுள் நம் நாட்டுக்கு நன்கு பழகியது அறுகு. வடக்கே ‘தூப்’ என்றும், ஆந்திரத்தில் ‘கரிக’ என்றும் வழங்கும் புல் இதுவே. தரைமேல் ஓடும் தண்டாலும் மண்ணுள் ஓடும் தண்டாலும் பரவுவதால் இடைவெளிகளைத் தானே மூடிக்கொள்ளும்.

இதனை நிலைநாட்டுவது அரிய வித்தையன்று. கோடையில் நிலத்தைக் கொத்தி, கோரைக் கிழங்குகளைத் தோண்டியெடுக்க வேண்டும். பின்பு நீர் விட்டு, முளைக்கும் களைகளைப் பூக்குமுன் அழித்தல் வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தால் மேல்மண்ணில் உள்ள விதைகள் பெரிதும் குறையும். நன்கு மட்கிய எருவையே இடுதல் நலம்; மட்காத சாணம் புதுக் களை விதைகளைக் கொணரும். மழை தொடங்கியதும் வேருள்ள அறுகுத் துண்டுகளை 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றலாம். வடநாட்டிலும் தக்காணத்திலும் இதற்கு ஜூன், ஜூலை மாதங்கள் ஏற்றவை. தமிழ்நாட்டின் கீழ்க்கரையில் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கம் ஏற்றது.

நட்டபின் செய்யும் பிழைகளே புல்தரையை மீண்டும் களைக்காடாக்குகின்றன. ஒரே முறையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. மொட்டையாக வெட்டினால் வேர் குன்றி, மண் ஒளிக்குத் திறந்துவிடும். வேர் பிடித்தபின் நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிட, சில நாட்களுக்கொருமுறை ஆழ நனைப்பதே வேரைக் கீழே இறக்கும். மிதிபட்டு இறுகிய இடங்களைத் துளையிட்டு இளக்க வேண்டும். மர நிழலில் அறுகு வளராது. அங்குச் சருகு மூடாக்கே போதும்.

நீர்ப் பஞ்சமுள்ள நாட்டில் புல்தரை ஆடம்பரமன்றோ எனச் சிலர் வினவலாம். அலங்காரத்துக்காகப் பரந்த புல்தரை வளர்ப்பதை நாமும் ஆதரிக்கவில்லை. குழந்தைகள் விளையாடும் அளவுக்கு மட்டும் புல் வளர்த்தால் போதும். நிலைபெற்ற அறுகு வறட்சியில் காய்ந்ததுபோற் கிடந்து, மழை கண்டதும் துளிர்க்கும். எஞ்சிய இடத்தில் தகரை போன்ற செடிகளை விதைத்தால் அவை பார்த்தீனியத்தை நெருக்கி அடக்கும். மருந்து தெளித்தால் எளிதன்றோ என்பாரும் உளர். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டி புல்லை விட்டுவைக்கும் என்பது மெய். ஆனால் புல்லே இல்லாத இடத்தில் அது மீண்டும் வெற்று மண்ணையே தரும். குழந்தைகள் புரண்டு விளையாடும் தரையில் நஞ்சைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பார்த்தீனியம் தோல் அழற்சியையும் மூச்சிரைப்பையும் விளைவிக்க வல்லது. மாணவரை வெறுங்கையால் அதனைப் பறிக்கச் செய்வது சேவையாகாது. அப்பணியைக் கையுறையணிந்த பெரியோர் செய்க. அறுகு நடும் பணியை மாணவருக்கு அளிக்கலாம். ஒரு சிறு பாத்தியைப் பறித்து வெறுமனே விட்டு, மற்றொன்றில் அறுகு நட்டு, இரண்டிலும் முளைக்கும் களைகளை மாதந்தோறும் எண்ணச் செய்தால் அதுவே சிறந்த விஞ்ஞானப் பாடமாகும்.

கள ஊழியர் தம் அறிக்கையில், ‘களை அகற்றிய பரப்பு’ என்னும் பத்திக்கு அருகில் ‘புல் நிலைபெற்ற பரப்பு’ என்றும் ஒரு பத்தி சேர்ப்பாராக. முதற் பத்தி நம் உழைப்பைக் காட்டும். பயனைக் காட்டுவது இரண்டாம் பத்தியே.