பஞ்சாயத்தும் போயிற்று, நகரசபையும் வரவில்லை

2021 ஜூன் 30ஆம் தேதி மகாராஷ்டிர அரசு ஓர் ஆணை பிறப்பித்துப் புனேயைச் சுற்றியிருந்த 23 கிராமங்களை மாநகராட்சியோடு சேர்த்தது. 2017 அக்டோபரில் சேர்த்த 11 கிராமங்களையும் கூட்டினால் மொத்தம் 34. பரப்பளவில் மும்பையையே மிஞ்சிவிட்டோம் என்று பெருமை பேசப்பட்டது. அந்தப் பெருமையில் வாகோலியிலும் தாயரியிலும் நாந்தேடிலும் வாடகைக்கு இருக்கும் நம் குடும்பங்களுக்குக் கிடைத்த பங்கு என்ன? நகருக்குள் வாடகை கட்டுப்படியாகாமல்தான் நம்மில் பலர் இந்தக் கிராமங்களுக்குப் போனோம். போன இடத்தில் நகரமே நம்மைத் துரத்திக்கொண்டு வந்து சேர்ந்தது. ஆனால் நகரத்தின் தண்ணீர் வரவில்லை.

இந்த இணைப்பைக் கிராமத்தாரில் பலர் எதிர்த்தார்கள். நகரத்து நண்பர்கள் இதைப் பட்டிக்காட்டுப் பிடிவாதம் என்று பேசுகிறார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். பஞ்சாயத்து இருந்தவரை சர்பஞ்சின் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போடலாம். கார்ப்பரேட்டர் என்றால் பல கிராமங்களும் காலனிகளும் சேர்ந்த பெரிய வார்டுக்கு நால்வர், யாரைப் பிடிப்பது? வரியோ பஞ்சாயத்து வரியைப் போலப் பல மடங்கு. சாலையும் சாக்கடையும் வருமுன்னே வரிச்சீட்டு வந்தது. கூச்சல் எழுந்த பிறகு, 2024இல் இந்தக் கிராமங்களில் வரி வசூலுக்கு அரசே தடை போட வேண்டியதாயிற்று.

புர்சுங்கி, உருளி தேவாச்சி ஆகிய இரு ஊர்களின் கதையைக் கேளுங்கள். புனே நகரத்தின் குப்பை பல்லாண்டுகளாக அங்கேதான் மலையாகக் குவிந்தது. கிணற்றுத் தண்ணீர் கெட்டது. மக்கள் டாங்கரை நம்பி வாழ்ந்தார்கள். 2017 ஏப்ரலில் குப்பை மேடு தீப்பற்றியபோது ஊரார் திரண்டு நகரத்து லாரிகளை மறித்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஒரு லாரியும் உள்ளே போகவில்லை. நகரத் தெருக்கள் நாறிய பிறகுதான் முதலமைச்சர் தலையிட்டுப் பேசினார். அதே ஆண்டு அக்டோபரில் அவ்விரு ஊர்களையும் மாநகராட்சியில் சேர்த்தார்கள். குப்பையை முன்பே அனுப்பியாகிவிட்டது. பிறகு வரிச்சீட்டையும் அனுப்பினார்கள்! கடைசியில் அவ்வூரார் போராடி வெளியேறினார்கள். 2024 செப்டம்பரில் அவர்களுக்கென்று தனி நகராட்சி அமைந்தது. குப்பைக் கிடங்கு என்னவோ நகர்ந்து போய்விடவில்லை.

நகரத்து வாக்காளன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. குழாயில் தண்ணீர் வேண்டும் என்று கேட்பது குற்றமாகாது. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவன் கேட்பதில்லை. பிம்ப்ரி-சிஞ்ச்வடுக்குப் பவனா அணையிலிருந்து நேரே குழாய் போடும் திட்டத்தை மாவள் விவசாயிகள் எதிர்த்தார்கள். ஆற்றில் விட்டு நகரத்தருகே எடுத்த தண்ணீரைக் குழாயில் அடைத்தால் ஆற்றங்கரை வயல்கள் என்னாகும் என்பது அவர்கள் கேள்வி. 2011 ஆகஸ்ட் 9ஆம் தேதி மும்பை-புனே விரைவுச்சாலையில் மறியல் செய்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. மூவர் மாண்டார்கள், அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. பிம்ப்ரி தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நாமும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள்தாம். அன்று நம்மில் எத்தனை பேர் இறந்தவர்களுக்காக வருந்தினோம், எத்தனை பேர் 'குழாய் எப்போது வரும்' என்று மட்டும் கேட்டோம்?

இனி நம் தலைமேல் விழுந்ததைச் சொல்லுகிறோம். 2025 ஜனவரியில் சிங்ககட் சாலைப் பக்கம் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் பரவியது. கை கால் மரத்து, சிலருக்கு மூச்சே அடங்கும் நோய் அது. இருநூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், சிலர் இறந்தார்கள். நாந்தேட் (மராத்வாடாவின் நாந்தேட் நகரம் வேறு, இது புனேயை ஒட்டிய கிராமம்), கிர்கட்வாடி, தாயரி என்று நோய் மிகுந்த இடங்களில் பல, புதிதாக இணைத்த ஊர்கள். சந்தேகம் குடிநீர் மேல் விழுந்தது. கடக்வாஸ்லா அணை கூப்பிடு தூரத்தில் இருக்க, நாந்தேட் பகுதிக்கு ஒரு கிணற்றுத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தைக் காணாமலே குளோரினை மட்டும் கலந்து வந்துகொண்டிருந்தது. காசு கொடுத்துக் கேன் தண்ணீர் வாங்கியவர்களும் தப்பவில்லை. தனியார் சுத்திகரிப்பு நிலையங்கள் பலவற்றின் தண்ணீரும் சோதனையில் தேறாமல் மூடப்பட்டது.

அப்போது அந்த மக்கள் யாரிடம் போய்க் கேட்டிருக்க முடியும்? 23 ஊர்களின் பஞ்சாயத்துகள் 2021 ஜூனோடு கலைந்தன. மாநகராட்சி மன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் சொல்லுகிறது. நடந்ததோ 2026 ஜனவரி 15இல்! அதாவது நான்கரை ஆண்டுக்காலம் இந்த ஊர்களுக்குச் சர்பஞ்சும் இல்லை, தாங்கள் தேர்ந்தெடுத்த கார்ப்பரேட்டரும் இல்லை, அதிகாரிகளே ஆண்டார்கள். நகரமா கிராமமா என்று சண்டை போட்டவர்கள் இதைப் பற்றி அந்த அளவுக்குக் கொதிக்கவில்லை என்பதுதான் நமக்கு வியப்பு.

இது மராத்தி மண்ணின் சங்கதி, நமக்கென்ன என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டிலும் பல ஊராட்சிகளை நகராட்சிகளோடும் மாநகராட்சிகளோடும் இணைக்க முயன்றபோது, நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்று நம் ஊர்த் தாய்மார்கள் கிராமசபையில் எழுந்து நின்று எதிர்த்தார்கள். அங்கே நம் அத்தையும் சித்தியும் பேசிய நியாயத்தைத்தான் இங்கே உருளியின் கிழவி பேசினாள்.

கிராமத்தார் எல்லோரையும் நாம் தூக்கிப் பிடிக்கவில்லை. நிலத்தை பில்டருக்கு விற்றுவிட்டு, அதே இடத்தில் எழுந்த கட்டடத்தில் குடியிருப்பவனை 'வெளியாள்' என்று பேசுகிறவரும் அங்கே உண்டு. இணைப்பைப் பற்றிய வாதத்தில் வீட்டுச் சொந்தக்காரர் பேசினார், பில்டர் பேசினார், கட்சிக்காரர் பேசினார். வாடகைக்கு இருப்பவனை யாரும் கேட்கவில்லை. கேட்கத்தான் என்ன காரணம் இருக்கிறது? நம்மில் பாதிப் பேரின் ஓட்டு திருநெல்வேலியிலும் விழுப்புரத்திலும் சேலத்திலும் கிடக்கிறது.

ஊர்ப் பட்டியலில் பெயர் போனால் ரேஷன் கார்டும் போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது வேறு பட்டியல், இது வேறு பட்டியல். வாக்காளர் பெயர், வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில், ஒரே இடத்தில்தான் இருக்கலாம் என்பது சட்டம். சொந்த வீடு வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இடம் மாறியவர்களுக்கு உரியது 8ஆம் எண் படிவம். சட்டமன்றப் பட்டியலில் இருந்துதான் மாநகராட்சித் தேர்தல் பட்டியலும் எடுக்கப்படுகிறது; ஆகவே தேர்தல் அறிவித்த பிறகு ஓடிப் பயனில்லை. வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தர வீட்டுக்காரர் தயங்குவார், விடாமல் கேளுங்கள். பெயர் ஏறியவர்கள் நாலு பேராகச் சேர்ந்து, பக்கத்து மராத்திக் குடும்பங்களையும் அழைத்துக்கொண்டு, புதிய கார்ப்பரேட்டரிடம் போய், நம் குழாய்க்கு வரும் தண்ணீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.