சிநேக ஆட்டத்தில் பணம் பண்ணலாமா?

கோப்பை கிடையாது. புள்ளி கிடையாது. ஜெயித்தால் பட்டம் இல்லை. தோற்றால் பழி இல்லை.

இப்படிப்பட்ட ஆட்டத்துக்குச் 'சிநேக ஆட்டம்' என்று பெயர். கால்பந்துப் போட்டிகள் தொடங்குவதற்கு முன்பு, ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று இரண்டு அணிகள் கூடிப் பேசி ஆடுவது இது.

ஆடுவது சிநேகத்துக்காக. ஆனால் பார்ப்பதற்கு டிக்கெட் உண்டு!

சிநேகத்தில் காசு பார்க்கலாமா? பார்க்கலாம் என்றால், எதுவரை பார்க்கலாம்?

இது பெரிய கிளப்புகளை நடத்தும் முதலாளிகளின் கவலை மட்டும் அல்ல. வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூடத்துப் பையன்கள்கூட இன்று இந்தக் கணக்கைப் போடுகிறார்கள்!

வீட்டுக்குள் ஒரு மானேஜர்

'புட்பால் மானேஜர்' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு இருக்கிறது. இதில் பந்தை உதைக்கும் வேலை இல்லை. கிளப்பை நடத்தும் வேலைதான். யாரை ஆட விடுவது, யாரை விலைக்கு வாங்குவது, யாருக்கு என்ன சம்பளம் என்று எல்லாவற்றையும் விளையாடுகிறவரே முடிவு செய்ய வேண்டும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த பால் காலியர், ஆலிவர் காலியர் என்ற சகோதரர்கள் உருவாக்கியது இது. முதலில் 'சாம்பியன்ஷிப் மானேஜர்' என்ற பெயரில் 1992-ல் வெளிவந்தது. 2004-ல் 'புட்பால் மானேஜர்' ஆயிற்று.

இந்த விளையாட்டில் பணக்காரக் கிளப்பை எடுத்துக்கொண்டவருக்குக் கவலை இல்லை. சின்ன ஊர்க் கிளப்பை எடுத்தவர் பாடுதான் திண்டாட்டம். வரும்படி கொஞ்சம், சம்பளப் பட்டியலோ நீளம்.

அப்போது கைகொடுப்பது சிநேக ஆட்டம். பெரிய கிளப் ஒன்றைத் தன் ஊருக்கு அழைக்கிறார் மானேஜர். பெரிய பெயரைக் கேட்டதும் கூட்டம் சேருகிறது. வாசல் வசூல் கல்லாவில் விழுகிறது.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? ஒன்றுக்கு ஐந்தாகப் பெரிய அணிகளை அழைக்கிறார். வாரத்துக்கு இரண்டு ஆட்டம், மூன்று ஆட்டம்!

முடிவு என்ன? ஆட்டக்காரர்களின் தெம்பு குறைகிறது. ஒருவனுக்குத் தொடையில் பிடிப்பு. இன்னொருவனுக்குக் கணுக்காலில் சுளுக்கு. பெரிய அணிகளிடம் அடிமேல் அடி வாங்கியதில் மற்றவர்களுக்கும் மனம் விட்டுப் போகிறது.

லீக் போட்டி தொடங்கும் நாளில் கல்லாவில் காசு இருக்கிறது. மைதானத்தில் இறக்க ஆள் இல்லை!

சுவீடன் நாட்டில் 1997-ல் தொடங்கிய 'ஹாட்ரிக்' என்ற விளையாட்டில் இன்னொரு விதி உண்டு. லீக் ஆட்டமானால் டிக்கெட் பணம் முழுவதும் சொந்த மைதானத்து அணிக்கு. சிநேக ஆட்டமானால் இரண்டு அணிக்கும் சரிபாதி. சிநேகம் என்றால் பங்கும் சமம்தானே!

பெலே சுமந்த பாரம்

கம்ப்யூட்டர் விளையாட்டுகள் பிறப்பதற்கு முன்பே இந்தத் தந்திரத்தை உலகம் பூராவும் செய்து காட்டிய கிளப் ஒன்று உண்டு. அது பிரேசில் நாட்டின் சான்டோஸ்.

1956-ல் அந்தக் கிளப்பில் 15 வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். இரண்டே ஆண்டில் அவன் பெயர் உலகம் முழுவதும் பரவியது. 1958-ல் பிரேசில் உலகக் கோப்பையை வென்றபோது இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டவன் அவன். அவன்தான் பெலே!

பெலேயைப் பார்க்க வேண்டும் என்று நாடு நாடாக ஜனங்கள் துடித்தார்கள். வீட்டுக்கு வீடு டெலிவிஷன் இல்லாத காலம். பார்க்க வேண்டுமானால் நேரில்தான் பார்க்க வேண்டும்.

சான்டோஸ் நிர்வாகிகள் அணியை விமானத்தில் ஏற்றினார்கள். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று ஊர் ஊராகச் சிநேக ஆட்டம். போன இடமெல்லாம் கூட்டம். போன இடமெல்லாம் வசூல்.

இதனால் நன்மை இல்லையா? உண்டு. ஐரோப்பியக் கிளப்புகள் பெலேயை வாங்கப் பணத்தோடு காத்திருந்தன. சான்டோஸ் விற்கவில்லை. அவரைத் தன்னிடமே வைத்துக்கொள்ள இந்த வசூல் உதவியது. 1962-லும் 1963-லும் தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான லிபர்ட்டடோரஸ் கோப்பையைச் சான்டோஸ் தட்டிச் சென்றது.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1959-ம் ஆண்டில் மட்டும் பெலே நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். கிளப்புக்காக, நாட்டுக்காக, ராணுவ அணிக்காக என்று எல்லாம் சேர்த்துத்தான். அப்படியும் மூன்றரை நாளைக்கு ஓர் ஆட்டம் ஆகிறது! அப்போது அவருக்கு வயது 18, 19. இரும்பாக இருந்தாலும் தேயாதா?

பின்னால் ஒரு கட்டத்தில், லிபர்ட்டடோரஸ் கோப்பையையே விட்டுவிட்டுச் சுற்றுப்பயண வசூலைத் தேடிச் சான்டோஸ் போனது. அந்தக் கோப்பை மீண்டும் அதன் கைக்கு வந்தது 2011-ல்தான். பயிற்சிக்காக ஏற்பட்ட ஆட்டம், கோப்பையையே பின்னால் தள்ளிவிட்டது!

ஒரு விஷயத்தில் பெலேயைப் பாராட்டத்தான் வேண்டும். 1977 செப்டம்பர் 24 அன்று அவர் கல்கத்தாவுக்கு வந்தார். நியூயார்க் காஸ்மாஸ் அணிக்காக மோகன் பகானை எதிர்த்து ஈடன் கார்டன் மைதானத்தில் ஆட்டம். வயது 36. ஓய்வு பெற இன்னும் ஒரே வாரம். மழையில் ஊறிய மைதானம். ஆனாலும் இறங்கி ஆடினார். ஆட்டம் 2-2 என்று சமமாக முடிந்தது. காசு கொடுத்து வந்தவர்கள் பெலேயைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்த நட்சத்திரம்

எல்லா ஊர் ரசிகர்களுக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

2019 ஜூலை 26. தென் கொரியாவின் தலைநகர் சியோல். இத்தாலியின் யுவென்டஸ் அணி சிநேக ஆட்டத்துக்கு வந்தது. அதில் இருந்தவர் ரொனால்டோ. அவருக்காகவே 60 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் டிக்கெட் வாங்கினார்கள். குறைந்தது 45 நிமிடம் அவர் ஆடுவார் என்பது ஒப்பந்தம்.

அணி வந்து சேர்ந்ததே தாமதம். ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிந்தித் தொடங்கியது. ரொனால்டோ பெஞ்சில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான். ஒரு நிமிடம்கூட ஆடவில்லை!

ஜனங்களுக்கு ஆத்திரம் பொங்கியது. ரொனால்டோவின் போட்டியாளர் பெயரைச் சொல்லி, "மெஸ்ஸி! மெஸ்ஸி!" என்று கூச்சல் போட்டார்கள். சிலர் கோர்ட்டுக்கும் போனார்கள். ஆட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2020-ல் தீர்ப்பு ஆயிற்று.

வேடிக்கை இதோடு முடியவில்லை. ஐந்து ஆண்டு ஆவதற்குள் அந்த மெஸ்ஸியே பெஞ்சில் உட்கார்ந்தார்!

2024 பிப்ரவரி 4. இடம் ஹாங்காங். மெஸ்ஸியின் இன்டர் மயாமி அணிக்கும் ஹாங்காங் அணிக்கும் சிநேக ஆட்டம். 38 ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். காலில் வலி என்று மெஸ்ஸி ஆடவே இல்லை. "பணத்தைத் திருப்பிக் கொடு!" என்று கூட்டம் கத்தியது. டிக்கெட் பணத்தில் பாதியைத் திருப்பித் தருவதாக ஏற்பாட்டாளர்கள் பிறகு அறிவித்தார்கள்.

மூன்றே நாளில் மெஸ்ஸி ஜப்பானில் அரை மணி நேரம் ஆடினார். ஹாங்காங் ரசிகர்களுக்கு அது வெந்த புண்ணில் வேல்!

காயம் படுவது யார் குற்றமும் அல்ல. வலியோடு ஓர் ஆட்டக்காரரை இறக்குவதும் நியாயம் அல்ல. ஆனால் ஒரு மனிதரின் பெயரைச் சொல்லி டிக்கெட் விற்றவர்கள், அவர் ஆடாவிட்டால் என்ன செய்வோம் என்பதையும் டிக்கெட்டிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? மகனைக் கூட்டிக்கொண்டு வரும் தகப்பனாருக்கு அது ஒரு நாள் வேடிக்கை மட்டும் அல்ல. பல நாள் சேர்த்த பணம்.

இதுவல்லவா சிநேகம்!

இனி ஒரு நல்ல செய்தி.

ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுக நகரில் செயின்ட் பாலி என்ற கிளப் இருக்கிறது. பணம் குறைவு, ரசிகர்களின் பாசம் அதிகம். 2002 பிப்ரவரியில் இந்தச் சின்னக் கிளப், நாட்டின் பெரிய கிளப்பான பேயர்ன் மியூனிக்கை 2-1 என்று தோற்கடித்தது. அதற்குச் சில மாதம் முன்புதான் பேயர்ன் உலகக் கிளப் கோப்பையை வென்றிருந்தது. 'உலகக் கோப்பை வென்றவர்களை வென்றவர்கள்' என்று பனியனில் அச்சடித்துச் செயின்ட் பாலிக்காரர்கள் கொண்டாடினார்கள்.

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. 2003-ல் கிளப் மூன்றாம் வகுப்புக்கு இறங்கிவிட்டது. பணத்தட்டுப்பாட்டால் மூடிவிடும் நிலை. 'காப்பாற்றுகிறவன்' என்று எழுதிய பனியன்களை விற்று ரசிகர்கள் நிதி திரட்டினார்கள்.

அப்போது உதவிக்கு வந்தது யார் தெரியுமா? தோற்றுப்போன அதே பேயர்ன் மியூனிக்! 2003 ஜூலையில் ஹாம்பர்க்குக்கு வந்து ஒரு சிநேக ஆட்டம் ஆடிக் கொடுத்தது. வசூல் செயின்ட் பாலிக்கு.

கிளப் பிழைத்தது. 2024-ல் ஜெர்மனியின் முதல் வகுப்பு லீக்குக்கும் ஏறியது.

காசுக்காக நடந்த ஆட்டம்தான் அது. ஆனால் அதைச் சிநேக ஆட்டம் அல்ல என்று யாராவது சொல்ல முடியுமா?

எது நேர்மை?

ஆகவே, சிநேக ஆட்டத்தில் பணம் சேர்ப்பது தவறு அல்ல. பணம் இல்லாமல் எந்தக் கிளப்பும் நடக்காது. புல் வெட்டுகிறவருக்கும் சம்பளம் வேண்டும்.

தவறு எங்கே வருகிறது? அந்தப் பணத்தின் விலையை வேறொருவர் தலையில் கட்டும்போது வருகிறது. ஆட்டக்காரரின் காலும் ரசிகரின் நம்பிக்கையும் வரவு செலவுப் புத்தகத்தில் எழுதப்படுவது இல்லை. எழுதாததால் செலவு இல்லை என்று ஆகிவிடுமா?

ஆட்டக்காரர் தாங்கும் அளவுக்கு ஆட்டம் இருக்கட்டும். சொன்ன ஆள் ஆடாவிட்டால் பணம் திரும்பட்டும். பெரியவர்கள் சின்னவர்களுக்குப் பங்கு கொடுக்கட்டும். இந்த மூன்றும் இருந்தால் எத்தனை டிக்கெட் வேண்டுமானாலும் விற்கலாம்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனையும் விரட்ட வேண்டாம். "இன்றைக்குச் சிநேக ஆட்டத்தில் எவ்வளவு சேர்த்தாய்?" என்று கேளுங்கள். பெருமையாகச் சொல்வான்.

"சரி, எத்தனை பேர் கால் ஒடிந்து கிடக்கிறார்கள்?" என்று அடுத்த கேள்வியையும் போடுங்கள்.

அந்தப் பதிலையும் சொல்லத் தெரிந்தவன்தான் நல்ல மானேஜர்!