யாருடைய கடிகாரத்தில் 24 மணி நேரம்?

எங்கள் தெருப் பையனை விடிகாலை ஆறரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சட்டை போடக்கூட விடவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒப்பந்தக் கூலி அவன். ஏழு மணிக்கு ஸ்டேஷன் பெஞ்சில் அவனைப் பார்த்த அம்மாவிடம், ‘விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம், போம்மா’ என்றார்கள். மறுநாள் ரிமாண்ட், புழலுக்கு வண்டி. கைது மெமோவில் எழுதியிருப்பது மாலை ஆறு மணி, பஸ் நிறுத்தத்தில் வைத்து.

கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தணும். அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு இது. 1949 செப்டம்பர் 15இல் அரசியல் நிர்ணய சபையில் இதைக் கொண்டுவந்தவர் அண்ணல் அம்பேத்கர். 2024இல் குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பெயர் மாற்றினார்கள், 57 என்பது 58 ஆனது. 24 அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? ஏட்டய்யா பேனாவைத் திறக்கும்போது! வங்கியில் நான் ஒரு செல்லானில் தேதியைத் திருத்தினால் மெமோ வரும். இங்கே ஒரு மனுசனின் பதினொன்றரை மணி நேரத்தையே விழுங்கலாம்.

மெமோவில் கைதான நேரம் இருக்கணும், குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் ‘மரியாதைக்குரிய’ ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போடணும் என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. யாரய்யா அந்த மரியாதைக்குரியவர்? சேரியில் அப்படி ஓர் ஆள் போலீஸ் கண்ணுக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறார்? பெற்றவள் வாசலில் நிற்க, கையெழுத்துப் போட்டது கடைத்தெரு முதலாளி.

மாஜிஸ்திரேட்டும் சிறையும் அந்தக் காகிதத்தைத்தான் வாங்கிக்கொள்கிறார்கள். 2020 ஜூன் 19இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். மறுநாள் ரிமாண்ட் வாங்கி, சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளிக் கோவில்பட்டி கிளைச்சிறைக்கு அனுப்பினார்கள். டாக்டர் சான்றிதழ் இருந்தது, ரிமாண்ட் உத்தரவு இருந்தது. 22இல் மகன் செத்தார், 23இல் அப்பா. அவர்கள் வணிகர்கள், கடையடைப்பு நடந்தது, நாடே பேசியது. பேச வேண்டியதுதான். எங்கள் பையன்களுக்குக் கடையே இல்லை, எதை அடைப்பது?

எங்கப்பா தலைமுறை, ஆளைப் பிடித்த உடனே தபாலாபீசுக்கு ஓடி மாஜிஸ்திரேட்டுக்குத் தந்தி கொடுத்தது. பதில் வராது. ஆனால் ரசீதில் மணி இருக்கும், அது போலீஸ் எழுதிய மணி இல்லை. 2013 ஜூலையில் தந்தியும் போச்சு. மாணவத் தோழர்களே, உங்கள் கையில் செல்போன் இருக்கிறது. ஆளை ஏற்றிய நிமிஷமே கமிஷனருக்கும் கோர்ட்டுக்கும் மணி போட்டு எழுதி அனுப்புங்கள். விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

அந்த அம்மாவுக்காக மனு எழுதியாச்சு. காலை ஏழு மணி என்று போட்டிருக்கிறது, சாட்சிக் கையெழுத்து என்னுடையது. நான் மரியாதைக்குரிய ஆள் இல்லை என்றால் அதை அவர்கள் எழுத்தில் தரட்டும்.