ஜாடியின் அடியில் யார் பெயர்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஓசூர் பக்கம் அடுக்குமாடி வீடுகளில் குடியேறியிருக்கும் என் பழைய மாணவர்கள் சிலருக்கு இப்போது ஒரு புதிய ஆசை வந்திருக்கிறது. வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி செய்து, உள்ளே சின்ன விளக்குப் போட்டு, பழைய பீங்கான் ஜாடிகளையும் பூச்சாடிகளையும் அடுக்குகிறார்கள். அதிலும் அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு முன்பு செய்த கலை ஜாடிகளுக்குத் தனி மவுசு. ரூக்வுட், ரோஸ்வில், வெல்லர் என்று பெயர்களை ஒப்பிக்கிறார்கள். இணையத்தில் பார்த்த ரோஸ்வில் பூச்சாடி ஒன்றின் படத்தை ஒரு மாணவர் அனுப்பி, "சார், இதுக்கு இவ்வளவு ரூபா கொடுக்கலாமா?" என்று கேட்டார். வரலாற்று வாத்தியார் ஆயிற்றே, பழசு என்றால் இவரைத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்திருப்பார்.

அவருக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். பழைய ஜாடி வாங்கி வீட்டில் வைப்பதில் ஒரு தப்பும் இல்லை. அழகான பொருளைப் பார்த்துக்கொண்டே இருப்பது மனதுக்கு நல்லது. ஆனால் அமெரிக்க ஜாடியிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அதன் நிறத்தையோ பூ வேலையையோ அல்ல. அதைத் தலைகீழாகத் திருப்பினால் தெரியும் அடிப்பக்கத்தை.

ரூக்வுட் என்பது சின்சினாட்டி நகரத்தில் 1880-இல் மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ் என்ற பெண்மணி தொடங்கிய பட்டறை. ஊரெல்லாம் தொழிற்சாலைப் புகை, வீடெல்லாம் ஒரே அச்சில் வார்த்த சாமான்கள் என்றிருந்த காலம். அந்தச் சலிப்பில்தான் கைவேலைக்கு ஏங்கினார்கள். இன்று ஓசூரில் நடப்பதும் அதுதானே? பகலெல்லாம் மிஷின் முன்னால் நிற்பவருக்கு, சாயங்காலம் கையால் செய்த ஒரு பொருளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

ரூக்வுட் ஜாடியின் அடியில் ஒரு முத்திரை இருக்கும். 1886-இல் பட்டறையின் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து அந்த முத்திரையை உண்டாக்கினார்கள். அடுத்த வருடம் அதன்மேல் ஒரு தீக்கொழுந்து. அதற்கடுத்த வருடம் இரண்டு. இப்படியே வருடத்துக்கு ஒன்றாகச் சேர்த்து, 1900-இல் பதினான்கு கொழுந்துகள். எண்ணினாலே செய்த வருடம் தெரிந்துவிடும். இதைவிட முக்கியம், பக்கத்தில் வேலைப்பாடு செய்த கலைஞரின் கையெழுத்து இருக்கும். 1887-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த கட்டாரோ ஷிராயமாதானி என்ற ஜப்பானியர் தன் பெயரை ஜப்பான் எழுத்திலேயே போட்டார். முதலாளி தடுக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸில் 1895-இல் ஒரு பெண்கள் கல்லூரியில் தொடங்கிய நியூகோம் பட்டறையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். படம் வரைந்த பெண்ணின் அடையாளமும் இருக்கும், சக்கரத்தில் மண்ணை ஏற்றி ஜாடியை எழுப்பிய ஜோசப் மேயரின் அடையாளமும் இருக்கும்.

இவர்கள் பரவாயில்லை, சுதந்திர மனிதர்கள். பெயர் போடவே உரிமையில்லாத ஒருவர் போட்ட பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெற்குக் கரோலினாவில் எட்ஜ்ஃபீல்டு என்ற ஊரில் டேவிட் டிரேக் என்றொரு அடிமை இருந்தார். பன்றி இறைச்சியை உப்புப் போட்டு வைக்கும் பெரிய பெரிய கல்ஜாடிகளைச் செய்பவர். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாகாணத்தில் அடிமைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பது 1834-லிருந்து சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட ஊரில் அந்த மனிதர் ஈர மண்ணில் 'டேவ்' என்று தன் பெயரையும் தேதியையும் கீறினார். சில ஜாடிகளில் இரண்டடிப் பாட்டும் எழுதினார். 1858-இல் அவர் செய்த, சுமார் 95 லிட்டர் கொள்ளும் ஜாடி ஒன்று 2021-இல் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பணத்தில் ஒரு காசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் இருந்தார், இதைச் செய்தார் என்பதை இனி யாரும் மறைக்க முடியாது. அதைச் செய்தது அவர் கீறிய அந்தப் பெயர்தான்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

பெயர் வெட்டுவதில் நமக்குச் சமமானவர் உலகத்தில் கிடையாது! எவர்சில்வர் டம்ளர் வாங்கினால்கூடக் கடையிலேயே பெயர் வெட்டித் தரச் சொல்கிறோம். கல்யாணத்துக்குக் கொடுத்த குடத்தில் மாமன் பெயர், சீர்த் தட்டில் அத்தை பெயர், தேதியோடு இருக்கும். பழக்கமும் புதிதல்ல. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்ற பெயர்களைத் தமிழி எழுத்தில் கீறியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. ஆனால் இவையெல்லாம் யார் பெயர்? வாங்கியவர் பெயர், கொடுத்தவர் பெயர், வைத்திருந்தவர் பெயர். செய்தவர் பெயர் எங்கே?

மண்பாண்டத்தில் இது இன்னும் மோசம். பானை செய்கிறவரைக் 'குயவர்' என்று சாதிப் பெயரால் எல்லோருக்கும் தெரியும். ஆளின் பெயர் அடுத்த தெருக்காரருக்குத் தெரியாது. என் சிறுவயதில் பெரியவர்கள் பானையைத் தட்டிப் பார்த்து ஓசையிலேயே தரம் சொல்வார்கள். எந்த ஊர்ச் சூளை என்றும் சொல்வார்கள். எந்தக் கை என்று கேட்டால் பதில் இருக்காது.

எங்கள் சிங்காரப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இன்றும் சக்கரம் சுற்றுகிறார். அவரைக் கேட்காமல் பெயரை முகநூலில் போடுவது முறையல்ல என்பதால் இங்கே எழுதவில்லை. பொங்கலுக்குப் பானை, கார்த்திகைக்கு அகல் விளக்கு, கோடையில் தண்ணீர்ப் பானை. வருடத்தில் மூன்று நான்கு மாதம்தான் வேலை. மகன் ஓசூரில் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. "எனக்குப் பொறவு சக்கரத்தத் தொட ஆளு இல்ல சார்" என்று சாதாரணமாகச் சொல்கிறார். அவர் செய்த பானையின் அடியில் ஒரு எழுத்துகூட இல்லை. அதே ஓசூரில் செய்யும் கைக்கடிகாரத்திலும் மோட்டார் சைக்கிளிலும் கம்பெனி பெயரும் எண்ணும் தவறாமல் இருக்கின்றன.

நம் ஊரில் கலை ஜாடிகளே இல்லையா என்று கேட்காதீர்கள். வேலூர் மாவட்டத்தில் காட்பாடிக்கு அருகில் கரிகிரி இருக்கிறது. வண்ண மெருகு ஏற்றிய ஜாடி, கூஜாவுக்குப் பேர் போன ஊர். ராணிப்பேட்டையில் பாரி கம்பெனியின் பீங்கான் தொழிற்சாலை இருந்தது. விருத்தாசலம் பீங்கான் பொம்மைகளைத் தெரியாதவர் உண்டா? எங்கள் ஊர் வழியாக ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை என்று போகிறதே, அந்த நெடுஞ்சாலையில் பஸ் ஏறிக் கடைசிவரை போனால் புதுச்சேரி. அங்கே 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். அதிக வெப்பத்தில் சுட்ட கல்ஜாடி வேலையை அங்கே பழகிய இந்தியர்கள் பலர் இன்று பெயர் பெற்ற கலைஞர்கள். அமெரிக்கர் கைபட்ட ஜாடிதான் வேண்டும் என்றால் அதற்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை, பஸ் ஏறினால் போதும் என்று என் மாணவரிடம் சொன்னேன். அதே புதுச்சேரியின் வில்லியனூரைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஒரு பெயர் வெளியே தெரிந்ததால் அந்த ஊர் முழுவதற்கும் பெருமை. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்தி. அது ஊரின் பெயரைக் காப்பாற்றுகிறது. ஆளின் பெயரை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

"வாத்தியாரே, பெயர் போட்டால் அவர் வயிறு நிறையுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெறும் பெயர் சோறு போடாது. மண் கிடைக்க வேண்டும், விறகு கிடைக்க வேண்டும், விலை கிடைக்க வேண்டும். ஏரி, குளங்களில் மண்பாண்டத் தொழிலுக்குக் கட்டணமில்லாமல் மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-இல் அரசு முறையை எளிமையாக்கியிருக்கிறது. இதைத் தெரியாத தொழிலாளர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதே பெரிய உதவி. ஆனால் விலை விஷயத்தில் பெயருக்கு வேலை இருக்கிறது. பெயரில்லாத பானையை "என்னப்பா, மண்ணுதானே, குறைச்சுக் கொடு" என்று பேரம் பேசுகிறோம். இன்னார் செய்தது என்று தெரிந்த பொருளிடம் அந்த வாய் வராது. அடுத்த முறை அவரையே தேடிப் போவோம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் வழி சொல்வோம். பெயர் என்பது மரியாதை மட்டுமல்ல, விலாசமும்கூட.

இன்னொன்றையும் யோசியுங்கள். ரூக்வுட் 1941-இல் திவாலானது. வெல்லர் 1948-இல் மூடப்பட்டது, ரோஸ்வில் 1954-இல். பட்டறைகள் மூடிய பிறகுதான் அந்தச் ஜாடிகளைத் தேடி ஓடினார்கள். 1990-களில் சீனாவிலிருந்து போலி ரோஸ்வில் ஜாடிகளே வந்து குவிந்தன. செய்கிறவர் இருக்கும்போது திரும்பிப் பார்க்காமல், அவர் போன பிறகு பத்து மடங்கு விலை கொடுத்துப் போலியை வாங்குவது என்ன புத்திசாலித்தனம்? நம் பக்கத்தில் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாம் முந்திக்கொள்ளலாம்.

சேகரிக்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில யோசனைகள்.

முதலில் பாட்டி வீட்டுப் பரணைப் பாருங்கள். மேலே பழுப்பு, கீழே வெள்ளை என்று இரண்டு நிறத்தில் இருக்கும் ஊறுகாய் ஜாடியைப் பழைய சாமான்காரரிடம் பிளாஸ்டிக் பக்கெட்டுக்கு மாற்றிவிடாதீர்கள். அது 1200 டிகிரிக்குப் பக்கத்தில் சுட்ட கல்ஜாடி. புளிப்பும் உப்பும் ஊறினாலும் ஒன்றும் ஆகாது. பாட்டி இருக்கும்போதே எங்கே, எப்போது வாங்கியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு அலங்கார ஜாடி வாங்கினால் பார்வைக்கு மட்டும் வையுங்கள். பழைய மெருகில் ஈயம் இருக்கலாம். ஊறுகாயோ மோரோ ஊற்றாதீர்கள்.

நிலத்தில் உழும்போது கிடைத்த தாழி, கறுப்பு சிவப்புப் பானை என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கவே வாங்காதீர்கள். நம் மாவட்டம் சாதாரண மண் அல்ல. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். தொல்பொருள் சட்டம் 1972-லிருந்து இருக்கிறது. நூறு வயதுக்கு மேற்பட்ட தொல்பொருளை நம் இஷ்டத்துக்கு விற்க முடியாது. வட்டாட்சியரிடமோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். இடத்தை விட்டுப் பெயர்த்த பானை பாதி வரலாற்றை இழந்துவிடும்.

கடைசியாக, முக்கியமானது. உங்கள் அலமாரியில் ஒரு தட்டை நம் ஊர்க் கைவேலைக்கு ஒதுக்குங்கள். ஒரு பானை, ஒரு அகல், ஒரு குதிரை பொம்மை, எதுவானாலும் சரி. வாங்கும்போது, "ஐயா, உங்க பேர் என்ன? எத்தனை வருஷமா செய்றீங்க? மண் எந்த ஏரி?" என்று கேளுங்கள். சுடுவதற்கு முன்பே சொல்லிவைத்தால் பச்சை மண்ணில் அவர் கையாலேயே பெயரையும் வருடத்தையும் கீறித் தரச் சொல்லுங்கள். எழுதப் பழக்கமில்லை என்றால் ஒரு அடையாளம் போடட்டும், கட்டைவிரல் ரேகை பதிக்கட்டும். ஏற்கெனவே சுட்டதென்றால் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர், ஊர், வருடம், கொடுத்த விலை எழுதி உள்ளே போட்டுவையுங்கள். விலையையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் அவருக்கு என்ன கொடுத்தோம் என்பதை நம் பேரப்பிள்ளைகள் படிக்கட்டும்.

பொங்கல் வருகிறது. பானை வாங்கப் போகிறவர்கள் இந்த முறை பெயர் கேட்டு வாருங்கள். அவர் சம்மதித்தால் அந்தப் பெயரையும் ஊரையும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பட்டியல் ஒன்று சேரட்டும். ஊத்தங்கரை, பர்கூர், ஓசூர் பக்கம் இன்னும் சக்கரம் சுற்றுகிறவர்கள் எத்தனை பேர், யார் யார் என்று நாமாவது தெரிந்து வைத்திருப்போம்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்,
சிங்காரப்பேட்டை.