பாடம் தெரிவு செய்யுமுன் கணக்குப் பார்ப்போம்



சாதாரணதரப் பெறுபேறுகள் வந்துவிட்டன. பட்டிப்பொல லயங்களில் இப்போது ஒரே பேச்சு, பிள்ளை உயர்தரத்தில் எந்தப் பாடம் எடுப்பது என்பதுதான். "எதையாவது படித்துப் பட்டதாரியாகட்டும், வேலை தானாக வரும்" என்று பெற்றோர் பலர் எம்மிடம் சொல்கிறார்கள்.

அந்தப் படிப்புக்கான பணம் எங்கிருந்து வருகிறது? 2025 இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அப்போது 25 நாளும் முழுப்பேர் விழுந்தால் 33,750. சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் மிஞ்சியது 31,050. கடையும் கடனும் அதற்குப் பிறகு. அரைப்பேர் விழுந்த மாதத்தில் அதுவும் இருக்கவில்லை.

இப்படிப் படிக்க வைத்த பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? 2020 இல் வேலையற்ற பட்டதாரிகள் 50,000 பேரைப் பயிலுனர்களாகச் சேர்க்க அரசாங்கம் தீர்மானித்தபோது கொடுத்த மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாய். அவ்வாறு காத்திருந்தவர்களில் கலைப் பட்டதாரிகளே அதிகம். குற்றம் பிள்ளைகளுடையதல்ல. விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பிள்ளை வேறு எதைத் தெரிவு செய்யும்?

"இந்தத் துறையில் சராசரிச் சம்பளம் இவ்வளவு" என்று யாராவது சொன்னால் உடனே மயங்க வேண்டாம். துரையின் சம்பளத்தையும் கொழுந்து பறிப்பவரின் சம்பளத்தையும் கூட்டிப் பிரித்தாலும் ஒரு சராசரி வரும். அது நம் கைக்கு வராது. புதிதாகச் சேருபவருக்கு என்ன கிடைக்கும், எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். தேசிய கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் பயிற்சிகள் ஆகியவற்றையும் விசாரியுங்கள்.

கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தனியார் துறையில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய். இது சட்டம். நியமனக் கடிதத்தையும் சேமலாப நிதி இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். சங்கம் துணை நிற்கும்.

எமது கோரிக்கை இரண்டு. மலையகப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான, கணித ஆசிரியர்கள் வேண்டும். தோட்டத்திலேயே உழைப்பவர்களுக்கு, பிள்ளையைக் கடனின்றிப் படிக்க வைக்கும் சம்பளம் வேண்டும். ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காவிட்டால் கணக்கு ஒருபோதும் நேராகாது.

பாடத் தெரிவுப் படிவத்தில் கையெழுத்திடுமுன் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு தோட்டக் கமிட்டிக்கு வாருங்கள். சேர்ந்து இருந்து பேசுவோம்.