குட்டிப் புரதத்தின் வரவு செலவுக் கணக்கு

புரதம் என்றால் முட்டை, பருப்பு, ஜிம் பசங்களின் பவுடர் டப்பா... பலருக்கும் அவ்வளவுதான். உண்மையில் அது அமினோ அமிலங்களைக் கோர்த்த ஒரு சரம். அந்தச் சரம் சரியான வடிவத்தில் மடிந்து நின்றால்தான் பெரும்பாலும் வேலை நடக்கும். நூற்றுக்கணக்கான மணிகள் உள்ள சரம் மடிந்து நிற்கிறது, சரி. வெறும் 20 மணிகள் உள்ள சரம் எப்படி நிற்கிறது?

நிற்கிறதே! 2002இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் ஆண்டர்சன் குழு உருவாக்கிய 'ட்ரிப்-கேஜ்' புரதத்தில் 20 அமினோ அமிலங்கள்தான். கைலா மான்ஸ்டர் என்ற விஷப்பல்லியின் உமிழ்நீரில் கிடைத்த எக்சென்டின்-4தான் அதற்கு மூலம். நடுவில் ஒரு ட்ரிப்டோஃபேன், அதைச் சுற்றிப் புரோலின்கள் கட்டிய கூண்டு. 2004இல் ஜப்பானில் வந்த சிக்னோலினில் இருப்பதோ பத்தே பத்து!

காரணம் என்ன? பாடப்புத்தகம் "ஹைட்ரஜன் பிணைப்பு" என்று சொல்லும். அது பாதி உண்மைதான். சரம் அவிழ்ந்து கிடக்கும்போதும் தண்ணீரோடு அதே பிணைப்புகளைப் போட்டுக்கொள்கிறது. கொடுத்ததையும் வாங்கியதையும் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சமே. பெரிய வரவு வேறு இடத்தில் இருக்கிறது: தண்ணீரைப் பிடிக்காத எண்ணெய்த்தன்மை கொண்ட பகுதிகள் உள்ளே ஒளிந்துகொள்வது. பெரிய செலவு, சரம் இஷ்டப்படி ஆடும் சுதந்திரத்தை இழப்பது. சாதாரணப் புரதத்துக்கே நிகர லாபம் மோலுக்கு 5 முதல் 15 கிலோ கலோரிதான். விற்றுமுதல் கோடிகளில், லாபம் சில ஆயிரங்களில்!

குட்டிப் புரதத்துக்கு ஒளித்து வைக்க 'உள்ளே' என்ற இடமே குறைவு. வரவைக் கூட்ட முடியாதவன் செலவைக் குறைக்க வேண்டும். சரத்தை முன்கூட்டியே விறைப்பாக்கும் புரோலின், திருப்பத்தில் எளிதாக வளையும் கிளைசின், இரண்டு இடங்களை முடிச்சுப் போடும் டைசல்ஃபைடு பிணைப்பு எல்லாமே சிக்கன நடவடிக்கைகள்தான். அப்படியும் முதலில் வந்த ட்ரிப்-கேஜ் சுமார் 42 டிகிரி செல்சியஸிலேயே பாதி அவிழ்ந்துவிடும்.

இது வெறும் ஆராய்ச்சி விளையாட்டு அல்ல. மருந்தாகப் போகும் குட்டிப் புரதம் உடம்பில் அவிழ்ந்தால் நொதிகள் அதை எளிதில் வெட்டித் தள்ளிவிடும்.

இதே பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கர் குழு 2017இல் ஒரு நல்ல காரியம் செய்தது. 40 அமினோ அமில அளவில் ஆயிரக்கணக்கான புதுப் புரதங்களை வடிவமைத்து, எவை நொதிக்குத் தாக்குப்பிடிக்கின்றன என்று சோதித்தது. ஆரம்பத்தில் வெற்றி 6 சதவீதம். தோற்றவற்றை ஜெயித்தவற்றோடு ஒப்பிட்டுப் பாடம் கற்று, திரும்பத் திரும்பச் செய்தபோது அது 47 சதவீதம் ஆனது. எண்ணெய்த்தன்மையுள்ள பகுதி எவ்வளவு உள்ளே புதைகிறது என்பதுதான் முக்கியப் பாடம். 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி பேக்கருக்குக் கிடைத்தது.

எல்லோரும் கொண்டாடுவது 47ஐ. உண்மையில் சொத்து, முதலில் தோற்ற 94 சதவீதம்தான். எது நிற்காது என்று தெரியாமல் எது நிற்கும் என்று எப்படிச் சொல்வது? லாபப் பக்கத்தை மட்டும் காட்டும் கம்பெனியை மோசடி என்கிறோம். ஜெயித்த மூலக்கூறை மட்டும் காட்டும் ஆராய்ச்சிக் கட்டுரையை மட்டும் சாதனை என்கிறோம்! தோல்விக் கணக்கை வெளியிட நேரமும் பணமும் செலவாகும், உண்மைதான். வெளியிடாவிட்டால் அதே தோல்விக்கு அடுத்த ஆய்வகம் மறுபடி செலவழிக்கும்.

லாபம் இவ்வளவு குறைவாக இருக்கும் வியாபாரத்தில், நஷ்டக் கணக்கை யாராவது கிழித்துப் போடுவார்களா? யோசித்துப் பாருங்கள்.